உயில், மசேநிதி, வீடு, நகை: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயில் எழுதியாகிவிட்டது, இனி கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் ஒருவருடைய சொத்து ஒரே வழியாகக் குடும்பத்துக்குப் போவதில்லை. மசேநிதிக்கு (மத்திய சேம நிதி) ஒரு வழி, கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய வீட்டுக்கு ஒரு வழி, காப்புறுதிக்கு இன்னொன்று. ஊரில் கிடக்கும் நிலத்துக்கு வேறு நாட்டுச் சட்டமே பொருந்தும். இவை போக மிஞ்சுவதைத்தான் உயில் ஆள்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே.

உயிலில் மசேநிதிப் பணத்தையும் எழுதிவைத்தால் போதாதா?

போதாது. மசேநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. "என் மசேநிதி முழுவதும் என் தங்கைக்கு" என்று உயிலில் தெளிவாக எழுதியிருந்தாலும் அந்த வரிக்கு மதிப்பில்லை. பணம் யாருக்கு, எவ்வளவு என்று மசேநிதிக் கழகத்திடம் தனியாகப் பதிய வேண்டும். அதுதான் நியமனம். சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளம் வழி இணையத்திலேயே செய்யலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. சாட்சிகள் இருவரும் தங்கள் பங்கை உறுதிப்படுத்தும்வரை நியமனம் முடிந்ததாக ஆகாது. தன் பகுதியை நிரப்பிவிட்டு, சாட்சி உறுதிப்படுத்தினாரா என்று திரும்பிப் பார்க்காமல் விடுபவர்கள் உண்டு. அதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

நியமனம், சாதாரணக் கணக்கு, சிறப்புக் கணக்கு, மருத்துவச் செலவுக்கான மெடிசேவ், ஓய்வுக்காலக் கணக்கு, ஆயுள் முழுவதும் மாத வருமானம் தரும் மசேநிதி லைஃபில் செலவாகாமல் எஞ்சிய சந்தா ஆகியவற்றுக்குப் பொருந்தும். மசேநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கிய வீட்டுக்கும், மசேநிதி முதலீட்டுத் திட்டத்தில் வாங்கிய பங்குகளுக்கும் பொருந்தாது. கூட்டுரிமையில் உள்ள வீடு தவிர (அதைக் கீழே பாருங்கள்), அவை உயிலின் பக்கம் போகும்.

எப்போதோ செய்த நியமனம் இன்னும் செல்லுமா?

திருமணம் செய்துகொண்டால் பழைய நியமனம் தானாக ரத்தாகிவிடும். மறுமணத்துக்கும் இதே விதிதான். ஆனால் மணவிலக்கு பெற்றால் ரத்தாகாது. இதுதான் குடும்பங்களை அதிகம் காயப்படுத்துகிறது. மணமாகி, அப்போது மனைவியை நியமித்து, பத்தாண்டுக்குப் பின் பிரிந்த ஒருவர் நியமனத்தை மாற்றாமல் இறந்தால், பணம் முன்னாள் மனைவிக்கே போகும். உயிலும் அப்படியே: திருமணம் அதை ரத்தாக்கும் (அந்தத் திருமணத்தை எதிர்நோக்கியே எழுதியதாக உயில் சொன்னால் ஒழிய), மணவிலக்கு ரத்தாக்காது.

நியமனமே இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் எனும் அரசாங்க அதிகாரியிடம் போகும். அவர் வாரிசுரிமைச் சட்டப்படி பிரித்துக் கொடுப்பார், அதற்குக் கட்டணமும் கழிப்பார். பணம் காணாமல் போகாது. ஆனால் யார் யார் குடும்பத்தினர் என்று அவர் விசாரித்து முடிக்கக் காலம் ஆகும், பங்கும் நீங்கள் நினைத்தபடி இருக்காது.

உயில் இல்லாமல் இறந்தால் யாருக்கு எவ்வளவு?

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1967ஆம் ஆண்டின் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவியோ கணவரோ இருந்து பிள்ளைகளும் இருந்தால், பாதி துணைக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளை இல்லாமல் துணையும் பெற்றோரும் இருந்தால் பாதிப் பாதி. பிள்ளையும் பெற்றோரும் இல்லையென்றால் முழுவதும் துணைக்கு. துணை இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருந்தால் எல்லாம் அவர்களுக்கு.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 400,000 வெள்ளி வைத்துவிட்டு ஒரு மகன் இறக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர் சம்பளத்தில் வாழ்ந்த அம்மா இருக்கிறார்கள். மனைவிக்கு 200,000, பிள்ளைகளுக்குத் தலா 100,000. அம்மாவுக்கு ஒரு காசும் இல்லை. இந்தியாவின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாயும் ஒருவர். அதனால் "அம்மாவுக்கு எப்படியும் பங்கு உண்டு" என்ற நம்பிக்கை இங்கேயும் தொடர்கிறது. இங்கே அது கிடையாது. பெற்றோரைத் தாங்கிவரும் ஒவ்வொரு மகனும் மகளும் உயில் எழுத வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும். மசேநிதி நியமனத்திலும் அம்மாவுக்கு ஒரு விழுக்காடு ஒதுக்கலாம்.

அக்கா மகளை எங்கள் பிள்ளையாகவே வளர்த்தோம். அவளுக்கு உரிமை உண்டா?

நீதிமன்ற ஆணையோடு தத்தெடுத்திருந்தால் உண்டு. குடும்பத்துக்குள் பேசி வளர்த்திருந்தால், எத்தனை ஆண்டு ஆனாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் அவள் உங்கள் பிள்ளை அல்ல. மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழிப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. இவர்களுக்கு உயிலிலும் நியமனத்திலும் பெயர் சொல்லி எழுதினால்தான் ஏதாவது கிடைக்கும்.

உயில் செல்ல என்னென்ன வேண்டும்? வழக்கறிஞர் கட்டாயமா?

கட்டாயமில்லை. எழுதுபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயில் எழுத்தில் இருக்க வேண்டும். இறுதியில் அவர் கையொப்பமிட வேண்டும். இரண்டு சாட்சிகளும் அவர் கையொப்பமிடும்போது ஒன்றாக அங்கே இருந்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் வாங்கினால் உயில் விழுந்துவிடும்.

பயன்பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால் உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். மருமகனைச் சாட்சியாக அழைத்து, மகளுக்கு எழுதிய பங்கை இழப்பது இப்படித்தான். இதையும் நிர்வாகியையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: உயிலை நிறைவேற்றும் நிர்வாகி பயன்பெறுபவராகவும் இருக்கலாம், தவறில்லை.

வயது வராத பிள்ளைகள் இருந்தால் பாதுகாவலரை உயிலிலேயே நியமியுங்கள். முதல் நிர்வாகி உங்களுக்கு முன் இறந்தால் யார் என்று மாற்று நிர்வாகியின் பெயரும் எழுதுங்கள். "மீதியுள்ள அனைத்தும்" யாருக்கு என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத உயிலில், எழுதும்போது இல்லாத வங்கிக் கணக்கு ஒன்று பின்னால் வந்தால், அது உயில் இல்லாத சொத்தாகப் பிரியும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதலாமா?

எழுதலாம். மொழி பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும், அதற்குச் செலவு ஆகும். ஆங்கிலத்தில் எழுதினால் கையொப்பப் பகுதியில் ஒரு குறிப்பு அவசியம்: இந்த உயில் இன்னாரால் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, எழுதுபவர் புரிந்துகொண்டதாகச் சொன்னார், அதன்பின் கையொப்பமிட்டார் அல்லது கைநாட்டு வைத்தார். வாசித்து விளக்குபவர் பயன்பெறும் பிள்ளையாக இருக்கக் கூடாது. பங்கு குறைந்த பிள்ளை பின்னால் எழுப்பும் முதல் கேள்வி, "அம்மாவுக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியுமா?" என்பதுதான். வயதானவர் என்றால் அதே வாரத்தில் மருத்துவரிடம் மனத்திறன் பற்றி ஒரு கடிதம் வாங்கி உயிலோடு வைப்பது வீண் செலவு அல்ல.

அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊர்ப் பத்திரத்தில் ஒரு பெயர். சிக்கல் வருமா?

வரும், நிறையவே. அடையாள அட்டையில் "முருகேசன் எஸ்/ஓ கந்தசாமி", ஊர்ப் பத்திரத்தில் "க. முருகேசன்", பழைய வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு. உயிலில் எல்லாப் பெயர்களையும் "என்றும் அழைக்கப்படும்" என்று சேர்த்து எழுதி, அடையாள எண்ணையும் கடப்பிதழ் எண்ணையும் குறியுங்கள். பயன்பெறுபவர்களின் பெயர்களுக்கும் இதையே செய்யுங்கள்.

ஊர்க் கோயிலில் மணந்து எங்கும் பதிவு செய்யாத தம்பதியர் இன்னும் இருக்கிறார்கள். உயில் இல்லாத சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகப் பத்திரத்தை, மனைவி என்பதற்குச் சான்று இல்லாமல் கேட்கும்போது உறுதிமொழிப் பத்திரங்கள், உறவினர் வாக்குமூலம் என்று அலைய நேரும். இருவரும் உயிரோடு இருக்கும்போதே அந்தச் சான்றைத் தேடி வாங்குங்கள்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. என் பாதியை மகனுக்கு எழுதலாமா?

உரிமை எந்த வகை என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான தம்பதியர் "ஜாய்ன்ட் டெனன்சி" எனும் கூட்டுரிமையில் வாங்குகிறார்கள். அதில் உங்களுக்குத் தனிப் பங்கு கிடையாது. ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்குத் தானாகப் போகும், உயில் என்ன சொன்னாலும். "டெனன்சி இன் காமன்" எனும் பங்குரிமையில் இருந்தால் உங்கள் பங்கை உயிலில் எழுதலாம்.

கூட்டுரிமையில் எஞ்சியவர் செய்ய வேண்டியது, நிலப் பதிவேட்டில் இறப்பு அறிவிப்பைப் பதிவது. பங்குரிமை என்றால் நீதிமன்ற ஆணை வந்த பிறகே மாற்ற முடியும். பெறுகிறவர் வீவக தகுதி விதிகளையும் பூர்த்தி செய்ய வேண்டும். ஏற்கெனவே தனக்கு ஒரு வீவக வீடு உள்ள மகன் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. தனியார் வீட்டில் ஒரு சிறு பங்கு மரபுரிமையாக வந்தாலும், அடுத்து வீடு வாங்கும்போது கூடுதல் முத்திரை வரிக் கணக்கில் அது ஒரு வீடாக எண்ணப்படும்.

வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டால் தொல்லை இல்லையே?

அவசரப்படாதீர்கள். வீவக வீட்டைப் பணமில்லாமல் பெயர் மாற்றத் திருமணம், மணவிலக்கு, இறப்பு, நிதி நெருக்கடி, உடல்நலம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே இசைவு கிடைக்கும். கிடைத்தாலும், மாற்றிய பிறகு வீடு பிள்ளையுடையது. அவர் கடனில் மூழ்கினால், மணவாழ்வு முறிந்தால், அந்த வீடும் கணக்கில் வரும். வயதானவரின் கையில் எஞ்சியிருக்கும் பேரம்பேசும் பலமே அந்த வீடுதான். 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி 60 வயது நிரம்பியவர்கள் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் நடுவர் மன்றத்தில் நின்று கேட்க எந்த அம்மாவுக்கு மனம் வரும்?

கையில் பணம் போதவில்லை என்றால் 65 வயதிலிருந்து வீவகவின் குத்தகை மீள்வாங்கல் திட்டத்தைப் பாருங்கள். குத்தகையின் கடைசிப் பகுதியைக் கழகத்துக்கு விற்று, அதே வீட்டில் தொடர்ந்து வாழலாம். விற்ற பணம் ஓய்வுக்காலக் கணக்கை நிரப்பி மாத வருமானமாக வரும். சேர்ந்த பிறகு அந்த வீட்டைச் சந்தையில் விற்க முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்பிஏ என்றால் என்ன? உயில் இருக்கும்போது அது எதற்கு?

உயில் இறந்த பிறகுதான் பேசும். பக்கவாதமோ முதுமை மறதியோ வந்து, ஆள் உயிரோடு இருந்தும் முடிவெடுக்க முடியாத காலத்துக்கு எல்பிஏ (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி). 21 வயது நிரம்பிய எவரும், மனத்திறன் இருக்கும்போதே, தனக்குப் பதில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் அது. தனிப்பட்ட நலன், சொத்தும் பணமும் என்று அதிகாரம் இரண்டு வகை. இரண்டையும் ஒருவருக்கே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். திவாலானவரைச் சொத்துக்கு நியமிக்க முடியாது.

எல்லாரும் உயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் கருத்தில் இதுதான் முதலில் செய்ய வேண்டியது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் 80,000 வெள்ளி இருக்கிறது, தாதிமை இல்லத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். எல்பிஏ இல்லையென்றால் மனைவியாலும் அதைத் தொட முடியாது. குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்து பொறுப்பாளர் ஆணை வாங்க வேண்டும். அது மாதக்கணக்கில் ஆகும், வழக்கறிஞர் வைத்தால் ஆயிரக்கணக்கில் செலவாகும். அதுவரை செலவு பிள்ளைகள் தலையில்.

செய்முறை: பொதுக் காப்பாளர் அலுவலக இணையத்தளத்தில் சிங்பாஸ் வழி முதல் படிவத்தை நிரப்புங்கள். நியமிக்கப்படுபவர் தன் சிங்பாஸ் வழி ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு சான்றளிப்பவரை நேரில் பாருங்கள். அவர் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவராகவோ, வழக்கறிஞராகவோ, மனநல மருத்துவராகவோ இருப்பார். குடிமக்களுக்கு முதல் படிவத்தின் விண்ணப்பக் கட்டணம் பல ஆண்டுகள் தள்ளுபடி செய்யப்பட்டு வந்துள்ளது. சான்றளிப்பவரின் கட்டணம் தனி, இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று மருந்தகங்களில் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசும் மருத்துவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெற்றோரிடம் அவர் தனியாகப் பேசுவார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக் கொடுக்க முடியாது, அப்படி இருப்பதே நல்லது.

இரண்டு பிள்ளைகளையும் நியமிக்கலாமா?

நியமிக்கலாம். "இருவரும் சேர்ந்து மட்டும்" என்றால் ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு கையொப்பம் வேண்டும். ஒருவர் இறந்தாலோ திறன் இழந்தாலோ மற்றவரும் செயல்பட முடியாமல் போகலாம். "சேர்ந்தும் தனியாகவும்" என்றால் யார் இருக்கிறார்களோ அவர் செயல்படலாம். ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் இரண்டாவதுதான் நடைமுறைக்கு உதவும். நியமிக்கப்பட்டவர் உங்களுக்காக உயில் எழுதவோ மசேநிதி நியமனம் செய்யவோ முடியாது. நீங்கள் இறந்த நொடியில் அவர் அதிகாரமும் முடிந்துவிடும்.

வசதிக்காக மகள் பெயரைச் சேர்த்த கூட்டுக் கணக்கு?

வங்கியைப் பொறுத்தவரை எஞ்சியவர் பணம் எடுக்கலாம். ஆனால் பணம் முழுவதும் அம்மாவுடையது, மகள் பெயர் வங்கிக்குப் போய்வர மட்டுமே என்று மற்றப் பிள்ளைகள் வாதிட்டால், நீதிமன்றம் அந்தப் பணத்தை எல்லாருக்கும் உரிய சொத்தாகக் கருதலாம். அது மகளுக்கே என்றால் உயிலில் ஒரு வரி எழுதுங்கள். அல்ல என்றாலும் எழுதுங்கள்.

காப்புறுதிக்கு?

காப்புறுதி நிறுவனத்திடமே நியமனம் செய்ய வேண்டும். 2009 செப்டம்பர் 1 முதல் இரண்டு வகை உண்டு. மாற்றக்கூடிய நியமனத்தில் யாரையும் போடலாம், எப்போதும் மாற்றலாம். அறக்கட்டளை நியமனம் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். கடன்காரர்கள் அதைத் தொட முடியாது, ஆனால் நியமிக்கப்பட்டவர்களின் இசைவில்லாமல் நீங்களும் மாற்ற முடியாது. எதில் கையொப்பமிடுகிறோம் என்று முகவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

நாங்கள் முஸ்லிம்கள். எங்களுக்கும் இதே விதிகளா?

இல்லை. ஃபராயிட் எனும் இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீடு பொருந்தும். கடன் கழித்த பின் மூன்றில் ஒரு பங்கு வரையே உயில் எழுதலாம், அதுவும் ஃபராயிட் வாரிசு அல்லாதவருக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. இறந்த பிறகு ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி, அதோடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எல்பிஏ எல்லாருக்கும் ஒன்றுதான்.

தஞ்சாவூரில் இருக்கும் நிலத்தைச் சிங்கப்பூர் உயிலில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அந்த நிலம் இந்தியச் சட்டப்படியே போகும். அதற்கென்று தனி உயில் எழுதுவது எளிது. அதில் சர்வே எண், பட்டா எண், கிராமம், வட்டம், நான்கு எல்லை எல்லாம் இருக்கட்டும். இந்தியாவிலும் இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு விருப்பம்.

இங்கே ஒரு பொறி உண்டு. உயில் மாதிரிப் படிவங்களின் முதல் வரி, "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்." ஊர் நிலத்துக்கு உயில் எழுதிவிட்டு, மறு ஆண்டு இங்கே இந்த வரியோடு கையொப்பமிட்டால் ஊர் உயில் போய்விட்டது. "சிங்கப்பூரில் உள்ள சொத்துகள் தொடர்பான முந்தைய உயில்களை மட்டும்" என்று திருத்துங்கள். ஊர் உயிலிலும் அப்படியே.

ஊர் நிலத்துக்கு உயில் இல்லையென்றால், இந்து ஆணின் மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் சமமாக முதல் வாரிசுகள். மணமாகிப் போன மகளுக்குப் பங்கில்லை என்று ஊரில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனோடு சம உரிமை. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, மரபுரிமையாகப் பெறலாம். விற்பதென்றால் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும்.

வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழும் பிறகு பட்டா மாற்றமும் கேட்கும்போது சிங்கப்பூர் ஆவணங்களுக்கு, அவை வெளிநாட்டில் செல்லுபடியாக வழங்கப்படும் அப்போஸ்டில் எனும் சான்றைக் கேட்பார்கள். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா அதை வழங்குகிறது. தம்பிக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவை அடைந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் அதிகம். பத்திரம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் செத்துவிடும். அதை வைத்து அதற்குப் பிறகு எதையும் விற்கக் கூடாது.

சொத்து வரும்போது வரி உண்டா? அப்பாவின் கடன் எங்கள் மேல் விழுமா?

2008 பிப்ரவரி 15 முதல் நிகழ்ந்த இறப்புகளுக்கு இங்கே மரபுரிமை வரி இல்லை. கடன் அப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்படும். அது போதாவிட்டால், நீங்கள் பிணை நின்றிருந்தால் ஒழிய, உங்கள் பையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. கடன்களைத் தீர்க்காமல் சொத்தைப் பங்கிட்ட நிர்வாகி மட்டும் தானே பொறுப்பாவார்.

இறந்த பிறகு முதலில் என்ன?

மருத்துவர் சான்றளித்ததும் இறப்பு தானாகப் பதிவாகிவிடும். 2022 மே 29 முதல் காகிதச் சான்றிதழ் கிடையாது. மின்சான்றிதழை மை லெகசி எனும் அரசாங்க இணையத்தளத்தில் 30 நாளுக்குள் பதிவிறக்கி, இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். தனிப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு முடக்கப்படும். ஏடிஎம் அட்டையைக் கொண்டு பணம் எடுக்காதீர்கள். இறுதிச்சடங்குச் செலவுக்கென்றாலும், பின்னால் அது சந்தேகத்துக்கே வழிவிடும். ரசீதுகளை வைத்திருங்கள், அந்தச் செலவு சொத்திலிருந்து முதலில் கழியும்.

உயில் இருந்தால் நிர்வாகி, அது செல்லும் என்று நீதிமன்றம் தரும் உயில் மெய்ப்பிப்பு ஆணைக்கும், இல்லாவிட்டால் நெருங்கிய வாரிசு நிர்வாகப் பத்திரத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கடந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். உயில் இல்லாமல், வயது வராத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும். மொத்தம் 50,000 வெள்ளிக்கு மேற்படாத எளிய சொத்து என்றால், நீதிமன்றம் போகாமல் பொது அறங்காவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் நகைகள்?

சண்டை அதிகம் வருவது இதில்தான். "நகைகள் என் மகள்களுக்கு" என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் எடை போட்டு, படம் எடுத்து, "காசு மாலை, 10 பவுன், 80 கிராம், மூத்த மகளுக்கு" என்பதுபோல் பட்டியலிடுங்கள். அடகுக்கடையில் இருப்பவற்றையும் சீட்டு எண்ணோடு குறியுங்கள். மீட்புக் கெடு ஆறு மாதம் என்றால், சீட்டு இருப்பதே தெரியாத குடும்பம் நகையை இழந்துவிடும்.

உயிலை எங்கே வைப்பது?

நீதிமன்றத்துக்கு அசல் வேண்டும், நகல் போதாது. பக்கங்களைச் சேர்த்த ஸ்டேப்ளர் ஊசியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள், படியெடுப்பதற்காகக்கூட. ஊசி ஓட்டைகள் இரண்டு ஜோடியாகத் தெரிந்தால், வேறு தாள் ஏதாவது இணைந்திருந்து நீக்கப்பட்டதா என்ற கேள்வி எழும், அதற்கு விளக்கம் தந்து உறுதிமொழிப் பத்திரம் போட வேண்டும். மேலே கிளிப்பும் குத்த வேண்டாம்.

உயில் பதிவகத்தில் விவரம் பதியலாம். அது உயிலை வாங்கி வைத்துக்கொள்ளாது, எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் அசலைப் பூட்டாதீர்கள். பெட்டகத்தைத் திறக்க வங்கி நீதிமன்ற ஆணை கேட்கும், ஆணைக்கு நீதிமன்றம் உள்ளே இருக்கும் உயிலைக் கேட்கும். வீட்டில் நீர் படாத உறையில் வைத்து, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று நிர்வாகியிடம் சொல்லி, மாற்று நிர்வாகியிடமும் சொல்லுங்கள்.